பெயர் எழுதாத ஸ்லைடு

தம்பி,

இந்த உறைக்குள் இரண்டு சங்கதி இருக்கிறது. ஒன்று இந்தக் கடிதம். இன்னொன்று, நான்காக மடித்த ஒரு ரத்த ரிப்போர்ட். கடிதத்தை முதலில் படி என்று சொன்னால் நீ ரிப்போர்ட்டைத்தான் முதலில் பிரிப்பாய். உன் அம்மாவின் பிள்ளை நீ. ஆகையால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். ரிப்போர்ட் என்னுடையது. வந்து இன்றோடு எட்டு நாள் ஆகிறது. தலைதெறிக்க ஓடிவர வேண்டிய அவசரம் எதுவும் அதில் இல்லை. ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை நீ விமானம் ஏறுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டியது இருக்கிறது. எட்டு நாள் என்று படித்ததும் உனக்கு எது ஞாபகம் வரும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அதேதான் வந்தது. அதனால்தான் ஒன்பதாவது நாள் பிறப்பதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும் என்று, லேபில் என்னோடு வேலை செய்யும் செல்வமணி அக்காவின் மருமகன் மதிய ரயிலில் சென்னை போகிறார் என்று கேள்விப்பட்டு, லேபில் உட்கார்ந்து அவசரமாக எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் நோய் என்று நினைத்துக்கொள்ளாதே. என் கையெழுத்து எப்போதும் இப்படித்தான்.

போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். மூன்று தடவை முயற்சி செய்தேன். "அத்தா, உடம்பு எப்படி இருக்குது?" என்று நீ ஆரம்பிப்பாய். "நார்மல்டா" என்று என் வாய் என்னைக் கேட்காமலே சொல்லிவிடும். முப்பது வருடமாக ஊராருக்குச் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய். சொன்ன பிறகு அதை வாபஸ் வாங்கத் தெரியாமல், "ரூம்ல தண்ணி வருதா?" என்று கேட்பேன். மூன்று தடவையும் தண்ணீரைத்தான் கேட்டிருக்கிறேன். மூன்றாம் தடவை நீ எரிச்சலாகி, "வருது அத்தா, நான் கெளம்பற வரைக்கும் நிக்காமத்தான் வரும், விடுங்க" என்றாய். நல்லது என்று வைத்துவிட்டேன்.

என் தொழில் உனக்குத் தெரியும், ஆனால் எவ்வளவு தெரியும் என்று எனக்கு எப்போதும் சந்தேகம். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் "உங்க அத்தா என்ன பண்றார்?" என்று கேட்டதற்கு, "ஊர்ல இருக்கறவங்க விரலையெல்லாம் குத்துவார்" என்று சொல்லிவிட்டு வந்தவன் நீ. குத்துவது ஒரு நிமிடம். அதற்குப் பிறகு அந்தச் சொட்டைக் கண்ணாடியில் இழுத்து, காயவைத்து, சாயம் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் குனிந்து வெள்ளை அணுக்களை நூறு வரை எண்ண வேண்டும், வகை வகையாக. புத்தகங்களில் அவற்றைப் போர்வீரர்கள் என்று எழுதுகிறார்கள். எழுதியவர்கள் குனிந்து பார்த்ததில்லை. நான் பார்த்தவரை அது நம் ஜங்ஷன் பிளாட்பாரம்தான். நியூட்ரோஃபில் என்று ஒரு கூட்டம். எங்கே புண் என்றாலும் முதல் ஆளாக ஓடிப்போய் அங்கேயே செத்துச் சீழாகிவிடும், ஆயுசு ஒன்றிரண்டு நாள். இயோசினோஃபில் என்பது உடம்பு முழுக்க ஜாங்கிரி நிறத்தில் பொடி தூவிக்கொண்டு, சும்மா ஒரு தும்மலுக்கெல்லாம் ஆர்ப்பாட்டம் பண்ணும் ஆள், உன் பெரியம்மா. மோனோசைட் பெரிய உடம்பு, மெதுவான நடை, பிறகு சதைக்குள் குடியேறிக் குப்பை அள்ளுவதே வேலை. பேசோஃபில் நூற்றில் ஒன்று வந்தால் உண்டு. கல்யாணத்துக்கு மட்டும் வருகிற சொந்தம்.

கடைசியாக லிம்ஃபோசைட். நாவல்பழம் போல உருண்டையாக, கருநீலமாக, தன் அறை முழுக்கத் தானே நிறைந்து உட்கார்ந்திருக்கும். பார்க்க ஒன்றும் செய்யாதது போலத் தெரியும். ஆனால் உடம்பின் ஞாபகம் அதில்தான் இருக்கிறது. நாலு வயதில் உனக்குத் தட்டம்மை வந்ததே, அதை நீ மறந்திருப்பாய், நான் மறந்திருப்பேன், உனக்குள் இருக்கும் சில லிம்ஃபோசைட்டுகள் மறக்கவில்லை. ஒருமுறை பட்டதை ஆயுசுக்கும் வைத்துக்கொண்டிருக்கும் சாதி அது. உனக்கும் எனக்கும் நடந்த ஒரு விஷயத்தில் நீயும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்வேன். அதற்கு வருகிறேன்.

எங்கள் லேபில் ஒரு பழக்கம் உண்டு. சாயம் புது பாட்டில் திறந்தால் அதை நோயாளியின் ரத்தத்தில் முதலில் போடமாட்டோம். நோய் இல்லாத ஓர் ஆளின் ரத்தத்தில் போட்டு, நிறம் சரியாக ஏறுகிறதா, எது எது எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டு, அந்த ஸ்லைடைப் பக்கத்தில் வைத்து மற்றவர்களுடையதை ஒப்பிடுவோம். கண்ட்ரோல் என்று பெயர். அந்த நோய் இல்லாத ஆளாக முப்பது வருடமாக இருந்தவன் நான். யாரும் நியமிக்கவில்லை. விரல் பக்கத்திலேயே இருந்தது, அவ்வளவுதான். பெயர் எழுதமாட்டேன், ஸ்லைடின் ஓரத்தில் ஒரு 'க' மட்டும் கீறி, உடைந்துபோன பீங்கான் ஃப்யூஸ் கட்டையின் பள்ளத்தில் செருகி வைப்பேன். செராமிக் சூளை ஆட்கள், கருவேப்பிலங்குறிச்சி விவசாயிகள், மாசி மகத்துக்கு வந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள், வளைகுடா போக மெடிக்கலுக்கு வந்த நம் பசங்கள் எல்லாரும் சுகமா சுகமில்லையா என்பதை என்னை வைத்துத்தான் முடிவு செய்தேன். ஜும்மா முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பு தேடும்போதுகூட, "பாய், எனக்கு எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார்கள். "என்னை மாதிரி இருக்கீங்க" என்பேன். சந்தோஷமாகப் போவார்கள்.

ஒன்றரை வருடமாக என் ஸ்லைடில் நசுங்கல் அதிகமாகத் தெரிந்தது. லிம்ஃபோசைட் சில நோஞ்சானாக இருந்தால் கண்ணாடியில் இழுக்கும்போதே உடைந்து, மிதிபட்ட நாவல்பழம் மாதிரி ஒரு கறையாக நிற்கும். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? என் கை போய்விட்டது என்று நினைத்தேன். வயது ஐம்பத்தெட்டு, கை கனத்துவிட்டது, இழுப்பு சரியில்லை. பிறகு கண்ணாடியைக் குறை சொல்லி வேறு கம்பெனி ஸ்லைடு வாங்கவைத்தேன். பிறகு செல்வமணி அக்காவை இழுக்கச் சொன்னேன். பொம்மைக் கம்பெனியில் பதினைந்து வருடம் கண்ணும் புருவமும் வரைந்த கை அது, முடி இழை தப்பாது. அவள் இழுத்ததிலும் நசுங்கல். "அழுத்தாத, அழுத்தாதன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று கத்தினேன். "நான் எங்க பாய் அழுத்தனேன்? மத்தவங்களுது எல்லாம் நல்லாத்தான வருது. உங்க ரத்தத்துக்குத்தான் என் மேல கோவம்" என்றாள். சிரித்துவிட்டு நகர்ந்துவிட்டேன். லிம்ஃபோசைட் கூடியிருப்பதும் கண்ணில் பட்டது. ஆனால் தம்பி, ஊருக்கே அளவுகோல் நான். அளவுகோலை எதை வைத்து அளப்பது?

முதலாளி போன மாதம் எண்ணுகிற மெஷின் வாங்கினார். சொட்டு ரத்தம் உறிஞ்சி ஒரு நிமிடத்தில் எல்லாவற்றையும் எண்ணித் துப்பிவிடும். எனக்கு அதன்மேல் பொறாமை, அதனால் அதைச் சோதிக்க முதலில் என் ரத்தத்தையே கொடுத்தேன். திரையில் நட்சத்திரக் குறியாகப் போட்டு, வெள்ளை அணு எக்கச்சக்கம் என்றது. "பாத்தீங்களா, வாங்கின அன்னிக்கே ரிப்பேர்" என்று முதலாளிக்கு போன் செய்து, சென்னையிலிருந்து சர்வீஸ் இன்ஜினீயரை வரவழைத்தேன். கழற்றி, துடைத்து, மாட்டிவிட்டுப் போனார். மறுபடி என் ரத்தம், மறுபடி நட்சத்திரம். மறுபடி வரவழைத்தேன். இரண்டாம் முறை அவர் தன் ரத்தத்தைப் போட்டுப் பார்த்தார், சரியாக வந்தது. செல்வமணி அக்காவுடையதைப் போட்டார். அவளுக்கு ரத்தம் கொஞ்சம் குறைவு என்பதைத் தவிர அதுவும் சரி. பிறகு ஸ்குரூ டிரைவரைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், "சார், மெஷின் நல்லா இருக்குதுங்க" என்றார். செல்வமணி அக்கா, "டீ சொல்லட்டுமா பாய்?" என்று கேட்டாள். டீ வந்தது. உன் அம்மா வாங்கி வைத்த, சூளையில் கழித்த செகண்ட்ஸ் கப்பில்தான் இன்னும் குடிக்கிறோம். பிடிக்கிற காது கோணலாக இருக்குமே, அது.

ரத்தத்தை சென்னைக்கு அனுப்பினேன். எட்டு நாளைக்கு முன் பதில் வந்தது. லிம்ஃபோசைட்டுகள் சாக மறந்துபோய்ப் பெருகிக்கொண்டே இருக்கிற ஒரு நோய். ரத்தப் புற்று வகைதான், ஆனால் அதிலேயே மிக மெதுவாக நடக்கிற சாதி. தாடைக்குக் கீழே ஒரு கட்டி இருந்தது. பல்லால் வீங்கியிருக்கிறது என்று சொல்லி ஒரு நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டவன் நான் என்பதையும் இங்கேயே ஒப்புக்கொள்கிறேன். அது நிணநீர்க் கணு. அணுக்கள் கூடிப் பேசும் சாவடி. இப்போது அங்கே கூட்டம் தாங்கவில்லை. கூட்டம் இருக்கிறதே தவிர வேலை செய்ய ஆள் இல்லை. வீடு நிறைய ஆட்கள் படுத்துக் கிடக்கிறார்கள், கதவைத் தட்டினால் திறக்க ஒருவரும் எழுந்திருக்க மாட்டார்கள். நம் வீட்டில் இருப்பது ஓர் ஆள். அவன் உடம்புக்குள் இவ்வளவு கூட்டம். சிரிப்பு வருகிறது.

நான்காம் நாள் பாண்டிச்சேரிக்கு பஸ் ஏறிப் பெரிய டாக்டரைப் பார்த்தேன். "இப்ப மருந்து எதுவும் வேணாம். மூணு மாசத்துக்கு ஒருதரம் வாங்க, பாத்துக்கிட்டே இருப்போம். கூட்டத்துல போவாதீங்க, காய்ச்சல்காரங்க பக்கத்துல நிக்காதீங்க" என்றார். காய்ச்சல்காரர்களின் பக்கத்தில் நிற்பதுதான் என் பிழைப்பு என்று சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. பிறகு அவர், "கூட யாரு வந்திருக்காங்க?" என்று கேட்டார். "வெளியில இருக்காங்க சார்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியாது. "கூப்பிடுங்க, அவங்ககிட்டயும் ரெண்டு வார்த்தை சொல்லிடறேன்." எழுந்து வெளியே போனேன். பெஞ்சில் ஒரு பெரியவர் துண்டை முகத்தில் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு கணம் அவரை எழுப்பி, "கொஞ்சம் உள்ள வந்துட்டுப் போறீங்களா?" என்று கேட்டுவிடலாமா என்று நிஜமாகவே யோசித்தேன். அப்படியே சுவரைப் பார்த்து நின்றுவிட்டு உள்ளே போய், "டீ குடிக்கப் போயிட்டாங்க சார்" என்றேன். டாக்டர் நல்ல மனிதர். தலையை ஆட்டிவிட்டு, அந்த இரண்டு வார்த்தையையும் எனக்கே சொன்னார்.

இப்போது அந்த ஒன்பது நாள். உன் அம்மாவுக்கு மூட்டு வலியும் கன்னத்தில் சிவப்பும் வந்தபோது நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "வயசான காலத்துல ரோஸ் பவுடரா?" என்று கேலி செய்தேன். அவளும், "ஆமா, நீங்கதான் வாங்கிக் குடுத்தீங்க, மறந்துட்டீங்களா" என்று எதிர்க்கேலி செய்தாள். சந்தேகம் வந்து அவள் ரத்தத்தை அனுப்பினேன். உடம்பைக் காக்க வேண்டிய அணுக்கள் உடம்பையே அந்நியம் என்று நினைத்து அடிக்கும் நோய், சிறுநீரகம்வரை அடிக்கத் தொடங்கிவிட்டது என்று பதில் வந்தது. உனக்கு ப்ளஸ் டூ பரீட்சை நடந்துகொண்டிருந்தது. ரிப்போர்ட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உன்னிடமும் அவளிடமும், "நார்மல்தான், சத்துக்குறைவு" என்றேன். கடைசிப் பரீட்சை முடிந்த மாலைதான் எடுத்து வைத்தேன். அதுவரை ஒன்பது நாள், அவள் எனக்குச் சோறு போட்டாள், உனக்குப் பால் ஆற்றினாள், வீங்கிய காலோடு மாடிப்படி ஏறித் துணி உலர்த்தினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் இரண்டு வருடம் இருந்தாள். ஒன்பது நாள் முன்னால் போயிருந்தால் மாறியிருக்குமா என்று அப்போது பார்த்த டாக்டரிடம் கேட்டேன். அவர் ஃபைலில் ஒரு பக்கத்தைத் திருப்பினார். நீ கேட்டது வேறு. அடக்கம் முடிந்து வந்த அன்று, கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டே சொன்னாய்: "அந்த ஒம்பது நாள எனக்குக் குடுத்திருக்கலாம் அத்தா. பரீட்ச போனா அடுத்த வருஷம் எழுதியிருப்பேன். அம்மா மாடி ஏறாம துணிய நான் காயப்போட்டிருப்பேன்." அதோடு நிறுத்திக்கொண்டாய். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்தத் துணிதான் இன்னும் காய்ந்துகொண்டே இருக்கிறது.

உனக்கு நல்லது செய்கிறேன் என்றுதான் அன்று நினைத்தேன். இப்போது தோன்றுகிறது, பரீட்சை ஒரு சாக்கு. அவளிடம் சொன்னால் அவள் முகம் மாறுவதை நான் பார்க்க வேண்டியிருக்கும். அந்தப் பயம்தான். எத்தனையோ பேர் முகம் மாறுவதை மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்தவன், ஒரு முகத்தைப் பார்க்கப் பயந்தேன். உனக்குக் கல்யாணம் ஆகும். உன் பெண்டாட்டிக்கு ஒரு காகிதம் வந்தால் அவளுக்கு முன்னால் நீ படிக்காதே. படித்துவிட்டாலும் பையில் வைக்காதே. மறைத்து வைத்தது நீ நினைப்பது போல அங்கேயே கிடக்காது. எனக்குத் தெரிந்த ஒரே புத்திமதி இதுதான். மற்ற புத்திமதியெல்லாம் உன் பெரியம்மாவிடம் கிலோக்கணக்கில் இருக்கிறது, வாங்கிக்கொள்.

இந்த முறையும் ஒரு சாக்கு தயாராக இருந்தது. செராமிக் டிப்ளமா முடித்துவிட்டு இரண்டு வருடம் அலைந்து, துபாய்ப் பக்கம் டைல்ஸ் கம்பெனியில் சூளை மேற்பார்வைக்கு உனக்கு வேலை கிடைத்திருக்கிறது. நீ ஏறிப் போனபிறகு சொல்லிக்கொள்ளலாம், அங்கே போய் நிம்மதியாக இருக்கட்டும் என்று எட்டு நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அசல் அந்தப் பழைய ஒன்பது நாளின் குரல். கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது.

தம்பி, போகாதே என்று நான் எழுதவில்லை. போ என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு காகிதம் கிழித்தேன், வரவில்லை. உண்மையை எழுதிவிடுகிறேன். விசா வேலைக்காக நீ சென்னைக்குப் போன இந்தப் பன்னிரண்டு நாளில் வீட்டில் நான் இரண்டு கப் எடுத்து வைத்து, ஒன்றைத் திரும்ப அலமாரியில் கவிழ்த்தது எத்தனை தடவை என்று எண்ணவில்லை, எண்ணுகிறவன் நானாக இருந்தும். நெஞ்செலும்புக்குப் பின்னால் தைமஸ் என்று ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. லிம்ஃபோசைட்டில் ஒரு வகைக்குச் சின்ன வயதில் அதுதான் பள்ளிக்கூடம். சொந்தம் எது அந்நியம் எது என்று சொல்லிக்கொடுத்து, தேறியதை மட்டும் வெளியே அனுப்பும். அனுப்பி முடித்ததும் சுருங்கி, கொழுப்பு கட்டி, சும்மா கிடக்கும். யாரோ தெரிந்த ஆள் மாதிரி இல்லை? என் தொப்பையைப் பார்த்துச் சிரித்தது போதும். அந்த உறுப்புக்கு யாரும் போன் செய்வதில்லை என்று சொல்லத்தான் வந்தேன். எனக்கு நீ செய்கிறாய். இந்தப் பன்னிரண்டு நாளும் அந்த போனுக்காகவே ஓடியிருக்கின்றன.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான். முடிவை நீ எடு. போனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை என் ரிப்போர்ட் எனக்கு வரும் அன்றைக்கே உனக்கும் வரும், இது சத்தியம். இருந்தால், உனக்காக இரு, எனக்குத் துணி காயப்போட என்று இராதே. எனக்கு வாஷிங் மெஷின் இருக்கிறது. எந்தப் பக்கம் முடிவெடுத்தாலும் இந்தத் தடவை தெரிந்து எடுக்கிறாய். அதைத் தருவதற்குத்தான் எனக்கு எட்டு நாள் ஆகியிருக்கிறது.

இன்று காலை புது சாய பாட்டில் திறந்தோம். பழக்கதோஷத்தில் விரலை நீட்டினேன். செல்வமணி அக்கா என் விரலை மெல்ல மடக்கிவிட்டு, "வேணாம் பாய், இனிமே என்னுது" என்று தன் விரலை நீட்டினாள். "உனக்கு ரத்தம் குறைச்சல்னு மெஷினே சொல்லிச்சே" என்றேன். "கீரை தின்னு ஏத்திக்கறேன். நீங்க குத்துங்க." அவளுடைய ஸ்லைடில் 'க' போட்டுப் பீங்கான் கட்டையில் செருகினேன். பிறகு என்னுடையதையும் இழுக்கச் சொன்னேன், நோயாளியாக. முப்பது வருடத்தில் முதல் தடவையாக என் ஸ்லைடில் என் பெயரை எழுதினேன். நூறு எண்ணினேன். அவள் இழுத்ததிலும் நசுங்கல்கள் அப்படியே இருந்தன. கை என்னுடையது மோசமில்லை என்று ஒரு அற்ப சந்தோஷம்.

லேப் நோட்டில் கடைசிக் கட்டம், ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டவர் கையெழுத்து. உன் அம்மாவின் வரியைத் தேடி எடுத்தேன். அங்கே என் கையெழுத்துதான் இருக்கிறது. அவள் பெயருக்கு நேராக நான். என் வரிக்கு நேராகப் போன எட்டு நாளும் பேனாவை எடுத்து எடுத்து வைத்தேன். போடவில்லை. அந்தக் கட்டம் உனக்கு.

அத்தா